கீழே இறங்கினால் சரியாகிவிடும் வண்டி

விஜய்பாண்டியின் வண்டி நான்காவது தடவையாகக் கடை வாசலுக்கு வந்தபோது இமானுவேல் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அனுமந்தன்பட்டி ரோட்டில் அப்படி ஒரு சத்தம் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. தகரக் கொட்டகை மேல் யாரோ பட்டாணியை அள்ளி அள்ளி வீசுவது போலிருக்கும்.

ஆனி மாதம். மேற்கே கணவாய்க்குள்ளிருந்து காற்று வாரி அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் மழையென்றும் சொல்ல முடியாத, தூறலென்றும் சொல்ல முடியாத சாரல். கடையின் முன்பக்கத் தார்ப்பாய் படபடத்தது.

"அண்ணே, மறுபடியும் அதேதேன்" என்றான் விஜய்பாண்டி, தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றியபடி. "மேட்டுல வளைவுல திரும்புறேன். ஆக்சிலேட்டரக் கொறச்சு, பெறவு மெல்லத் தொறக்குறேன். கொளகொளன்னு அமுக்குது. புகையாக் கக்குது. முழுசா முறுக்கிட்டா பிச்சுக்கிட்டுப் போகுது. மெதுவா ஓட்டத்தேன் விடமாட்டேங்குது."

விஜய்பாண்டிக்கு இருபத்துநாலு வயது. கம்பமெட்டுக்கு அந்தப் பக்கம் மாமனுடைய ஏலத்தோட்டத்தில் ஆள் மேய்க்கிற வேலை. வண்டி பழைய டூ ஸ்ட்ரோக். லைட்டையும் பெரிய சீட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, பட்டன் டயரும் தூக்கிவைத்த மட்கார்டும் மாட்டி, கோயம்புத்தூரில் யாரிடமோ வெளிநாட்டுக் கார்பரேட்டர் ஒன்று வாங்கிப் பொருத்தியிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, மேலே ஒரு எஸ்டேட் மைதானத்தில் சேற்று ரேஸ்.

இமானுவேல் எழுந்து வந்து கிக்கரை உதைத்தான். இரண்டாவது உதையில் வண்டி பிடித்தது. ஒரே சீராக நின்றது. பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப்போனான். வழியில் இரண்டு தடவை நிறுத்திக் கிளப்பினான். மாட்டுவண்டிக்குப் பின்னால் வேண்டுமென்றே ஊர்ந்தான். ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து ஸ்டாண்டு போட்டான்.

"எங்கடா அமுக்குது?"

"இங்கன அமுக்காதுண்ணே. மேலதேன்."

"மேல போனா நோவு, என் கடைக்கு வந்தா சொகமா? இதென்ன மாதா கோயிலா, வாசல்ல வந்து நின்ன ஒடனே எல்லாம் தீந்து போறதுக்கு?"

"சத்தியமாண்ணே. மதினிகிட்டக் கேளுங்க. போன வாரம் சத்தத்தப் பிடிச்சு அனுப்பிச்சேன்ல."

இமானுவேல் திரும்பி மனைவியைப் பார்த்தான். கடைக்குள் சின்ன முக்காலியில் உட்கார்ந்து ஒரு மொபெட்டின் கார்பரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்த ஜெசி நிமிர்ந்தாள்.

"கடை நம்பருக்குத்தேன் வந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீக. சொல்லணும்னுதேன் நெனச்சேன். அப்புறம் ஜீப்புக்காரரு வந்துட்டாரு."

"கேட்டீகளா மதினி? எப்பிடி இருந்துச்சு சத்தம்?"

"சளி பிடிச்ச ஆளு பாடுன மாதிரி இருந்துச்சு" என்றாள் ஜெசி.

விஜய்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். "புது ஏலக்காயி மதினி. டீயில தட்டிப் போடுங்க. அண்ணனுக்குக் குடுத்தீகன்னா கோவம் கொறையும்."

இமானுவேலின் நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று திருகிக்கொண்டது. அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். கடைக்கு வருகிற மற்ற பையன்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவன் மட்டும் முதல் நாளிலிருந்தே மதினி. அண்ணன் பெண்டாட்டியைக் கேலி பேச ஊரில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லே அனுமதி.

ஜெசி கடைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் உத்தமபாளையத்தில் ஒரு தையல் கம்பெனியில் இருந்தாள். அது மூடியபிறகு மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூக்குவாளிக்காகக் காத்திருப்பாள். சும்மா உட்காரப் பிடிக்காமல், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகிற ஓட்டைத் திருகுகளான ஜெட்டுகளைக் கழுவித் தரத் தொடங்கினாள். இமானுவேல் கம்பியை விட்டுக் குத்துவான். அவள் குத்த மாட்டாள். வெளிச்சத்துக்கு நேரே ஒற்றைக் கண்ணில் பிடித்துப் பார்த்து, ஊதி, நைலான் நரம்பை விட்டு இழுப்பாள். "கம்பிய விட்டா ஓட்ட பெருசாயிருமுங்க" என்றாள் ஒருநாள். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு வருடமாகக் கம்பியைத்தான் விட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு வருடத்துக்குள், வண்டி சர்ச் வளைவில் திரும்பும்போதே "பிளக்கு" என்றோ "சைலன்சர் அடைப்பு" என்றோ அவள் சொல்ல ஆரம்பித்தாள். பெரும்பாலும் சரியாக இருந்தது. அவன் சொல்வதும் பெரும்பாலும் சரிதான். ஆனால் அவன் பிரித்துப் பார்த்துச் சொல்வான்.

எதிர்ச்சாரியில் டீக்கடை போட்டிருக்கும் ஒச்சாண்டி இதை விடுவாரா? காலையில் கிளாஸைக் கழுவிக்கொண்டே சத்தம் போட்டுக் கேட்பார்: "ஏப்பா இமானு, டாக்டரு உள்ள இருக்காகளா? இல்ல, கம்பவுண்டரு மட்டுந்தேன் வந்திருக்கீகளா?"

இமானுவேல் சிரிப்பான். சிரிக்காமல் இருந்தால் மறுநாள் இன்னும் சத்தமாகக் கேட்பார்.

*

இமானுவேல் எதையும் முறைப்படி செய்கிறவன். நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தான். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். விஜய்பாண்டியின் பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. முதல் தடவை, பில்டரில் எண்ணெய் அதிகம் என்று பிழிந்து காயவைத்துப் போட்டான். இரண்டாம் தடவை சோக் சரியாக மூடவில்லையோ என்று ரப்பரை மாற்றினான். மூன்றாம் தடவை மிதவையின் உயரத்தை அளந்து ஒரு மில்லிமீட்டர் இறக்கினான். நான்காம் தடவையாக இப்போது, காற்றை அளந்து விடுகிற ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றிலிருந்து இரண்டாக்கி, இரண்டரையாக்கினான். ஒவ்வொரு தடவையும் பிளக் கரியும் எண்ணெயுமாக நனைந்து வந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அதுவும் மெதுவாக ஓடும்போது மட்டும். அது வரைக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கடை வாசலில், பைபாஸில், வண்டி நன்றாக ஓடியது.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வேறொன்று அவன் கண்ணில் பட்டது. நான்கு தேதிகள். நான்கும் அவன் ஜெசியைக் கடையில் விட்டுவிட்டுக் காலையில் சாமான் வாங்கத் தேனிக்குப் போய்த் திரும்புகிற திங்கட்கிழமைகள்.

விஜய்பாண்டிக்கு, தோட்டத்து ஆட்களுக்கு வாரச்சம்பளம் போட்டு முடித்து மலையிலிருந்து இறங்க முடிகிற நாளும் திங்கட்கிழமைதான். அதுவும் இமானுவேலுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு வண்டிக்காரனிடம் இருக்கிறது என்று ஒரு எண்ணம் விழுந்தது. விழுந்தபிறகு அதைப் பிரித்துப் பார்க்க அவனிடம் முறை எதுவும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா பாக்கியம் திராட்சைத் தோட்டத்தில் காய் வெட்டிவிட்டு வந்திருந்தாள். கத்தரி பிடித்த விரல்கள் மடங்காமல் சோற்றை உருட்டச் சிரமப்பட்டாள். மொச்சைக்கொட்டைக் குழம்பும் சுட்ட கருவாடும். வெளியே காற்று முருங்கை மரத்தை வளைத்து வளைத்து விட்டது.

"ஏங்க" என்றாள் ஜெசி. "அந்த மலை வண்டிய யோசிச்சுப் பாத்தேன். பைலட் ஜெட்ட ஒரு நம்பர் கொறச்சுப் போட்டா என்ன?"

பைலட் ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் இருக்கிற சின்னப் பித்தளைத் திருகு. நடுவில் மயிரிழை ஓட்டை. வண்டி மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகத்தான் போகும். நம்பர் கூடினால் ஓட்டை பெரிது.

"நாப்பதுதேன் இருக்கு. இங்கன சரியாத்தேன ஓடுது."

"இங்கன சரிதேன். எங்கம்மா ஏலத்தோட்டத்து லயத்து வீட்டுல கெடக்கையில, ஒரு சட்டிப் பருப்பு வேகுறதுக்குள்ள ஒரு கட்டு வெறகு தீந்துரும்பாக. அதே பருப்பு கம்பத்துல அரமணி நேரத்துல மலந்துரும். மேல காத்துக்குக் கனம் பத்தாது."

"பருப்புக்கும் கார்பரேட்டருக்கும் என்ன?"

"கார்பரேட்டருக்கும் காத்துதேன வேணும். காத்து கொறையிற எடத்துல பெட்ரோலும் கொறையணும்ல? நாம கீழ ஒக்காந்து அளந்து ஊத்துறோம். அவரு மேல போயி ஓட்டுறாரு. எல்லா வண்டியும் மலையில மூச்சு வாங்கத்தேன் செய்யும், யாரும் கண்டுக்கிர்றதில்ல. ரேஸுக்குப் போறவருக்கு அது ஆகாதுல்ல?"

பாக்கியம் கருவாட்டு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். "சரியாத்தேன சொல்றா. நானும் மேல நாலு வருசம் பொங்கித் தின்னவதேன். பருப்புன்னு சொல்லுவோமே தவிர, பல்லுல வச்சா கல்லு."

இமானுவேலுக்கு அது சரியென்று உடனே பட்டது. பட்ட அதே நொடியில், இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்றும் பட்டது. பதினாலு வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் அவன்.

"இத யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரு சொல்லணும்?"

"விஜய்பாண்டி சொன்னானா? போன்ல?"

ஜெசி கையிலிருந்த சோற்றை இலையில் போட்டாள். பாக்கியம் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பிறகு தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறவள் போல எழுந்து உள்ளே போனாள்.

"அவரு சொல்லல" என்றாள் ஜெசி. "எங்கம்மா வேகவச்ச பருப்பு சொன்னுச்சு."

"சரி. போட்டுத்தேன் பாரேன்" என்றான் அவன்.

விஜய்பாண்டி கடையிலேயே விட்டுப்போயிருந்த வண்டியில் வியாழக்கிழமை அவளே போட்டாள். விஜய்பாண்டியின் டப்பாவில் கார்பரேட்டரோடு வந்த ஜெட்டுகள் இருந்தன. அதில் முப்பத்தைந்தைத் தேடி எடுத்தாள். நோட்டில் அவள் கையெழுத்திலேயே எழுதினாள்: பைலட் 35, ஸ்க்ரூ இரண்டு சுற்று.

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளி. ஜெசி காலைப் பூசைக்குப் போயிருந்தாள். இமானுவேல் கடையைத் திறந்து, கூட்டாமல் கொள்ளாமல், வண்டியை வெளியே எடுத்தான். முறுக்கி ரேஸ் கொடுத்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் சத்தம் இறங்காமல் மேலேயே நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. பெட்ரோல் பற்றாக்குறை. இந்தச் சமதளத்தில் இப்படியே நெடுநேரம் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்தாலும் பிடிக்கும். இது கோளாறுதான், கடையை விட்டு இப்படி ஒரு வண்டி வெளியே போகக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவன் சர்ச் பக்கம் ஒரு கண்ணை வைத்திருந்தான்.

பத்தே நிமிடம். முப்பத்தைந்தைக் கழற்றிப் பழைய நாற்பதைப் போட்டு ஸ்க்ரூவைச் சரிசெய்தான். முப்பத்தைந்தைக் காகிதத்தில் மடித்து வாசர் டப்பாவுக்குள் போட்டான். பதினாலு வருடத்தில் நோட்டில் எழுதாமல் விட்ட ஒரே மாற்றம் அது.

ஜெசி பூசையிலிருந்து வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல், "ஓட்டிப் பாத்தீகளா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். நல்லாருக்கு."

மத்தியானம் விஜய்பாண்டி, ரேஸ் நெருங்குகிறதென்று மாமனிடம் லீவு கேட்டு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டான். பேண்ட்டெல்லாம் சேறு. முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆகலண்ணே. அப்பிடியேதேன் இருக்கு. கூடத்தேன் அமுக்குது போல."

"முப்பத்தஞ்சு போட்டுமா?" ஜெசி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஆமா மதினி. ஜெட்டுல ஒண்ணுமில்ல போல. நீங்க சொன்னதும் நானும் நம்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம ரேஸு. வியாழனுக்குள்ள சரியாகலன்னா மதுரையில ஒரு ஆளு இருக்காராம், அங்கன கொண்டுபோயிரலாம்னு கூட ரேஸுக்கு வர்ற பசங்க நாலு பேரும் சொல்றாங்க. அவங்க வண்டியவும் சேத்து அங்கனயே விட்டுரலாம்ங்கிறாங்க. நாந்தேன் பொறுங்கடான்னு வச்சிருக்கேன்."

ஜெசியின் முகம் ஒரு நொடியில் சுருங்கிப்போனது. அதைப் பார்த்தபோது இமானுவேலுக்கு உள்ளே ஒரு குளுமை பரவியது. வெயிலில் நடந்துவந்தவன் சட்டைக்குள் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி. ஐந்து பையன்களின் வண்டிகள் கடையை விட்டுப் போகப்போகின்றன, அப்போதும் அந்தக் குளுமை இருந்தது. அது அவனுக்கே பயமாக இருந்தது.

"ஒருவாட்டி மதினியக் கூட்டிக்கிட்டு மேல வாங்கண்ணே. நேர்ல கேட்டா மதினிக்குத் தெரிஞ்சிரும்" என்றான் விஜய்பாண்டி.

"அவ எதுக்கு? நான் வாரேன். வண்டி இங்கனயே கெடக்கட்டும். புதன்கெழம நானே ஓட்டிக்கிட்டு வாரேன்."

அங்கே வைத்துப் பிடித்துவிடலாம் என்று நினைத்தான். அமுக்காத வண்டியை அவன் கண்முன்னே ஓட்டிக் காட்டி, இனிமேல் எதற்கு வருவாய் என்று கேட்டுவிடலாம்.

திங்கட்கிழமை ஜெசி கடைக்கு வரவில்லை. அடுத்த வீட்டு முனீஸ்வரியின் ஜாக்கெட் துணியை வாங்கிவைத்துக்கொண்டு பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வரலையா?"

"இல்லங்க. எனக்கு என்ன தெரியுது? ஏதோ நாலு வண்டி சரியாயிருச்சுன்னு எல்லாந் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். பிறத்தியாரு வண்டி. மலையில வச்சு ஏதாவது ஆயிருந்தா?"

"ஒண்ணும் ஆகலையே."

"ஆகல. அதுக்குன்னு?" அவள் ஊசிக்குள் நூலைக் கோக்க முயன்றாள். இரண்டு தடவை தவறியது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒச்சாண்டி கேட்டார்: "என்னப்பா, டாக்டரு லீவா?"

"ஆமா" என்றான் இமானுவேல். இந்தத் தடவை அவனால் சிரிக்க முடியவில்லை.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பத்தைத் தாண்டினான். தென்னந்தோப்புகள் முடிந்து புளியமரங்கள் வந்தன. ரோடு ஏறத் தொடங்கியது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் காலையிலேயே போயிருந்ததால் வழி காலியாகக் கிடந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி நன்றாக ஓடியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படித்தான். இமானுவேல் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தான், விஜய்பாண்டியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று.

பாதி மலைக்கு மேல் மேகம் இறங்கியிருந்தது. காற்றில் குளிர் ஏறியது. ஒரு வளைவில் எதிரே காய்கறி லாரி வர, ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓரம் ஒதுங்கி, பிறகு மெல்லத் திறந்தான்.

வண்டி தொண்டையைக் கனைத்தது.

அவன் நம்பவில்லை. மறுபடியும் குறைத்து, மறுபடியும் மெல்லத் திறந்தான். கொளகொளவென்று அமுக்கிற்று. பின்னால் வெள்ளைப் புகை திரண்டு மேகத்தோடு சேர்ந்தது. முழுவதும் முறுக்கினான், இரண்டு தும்மல் தும்மிவிட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்த வளைவிலும் அதேதான். உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது நின்றேவிட்டது. பிளக்கைக் கழற்றினான். கறுப்பாக, ஈரமாக, வத்திக்குச்சி மருந்து தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தது.

சளி பிடித்த ஆள் பாடுவது போல என்று அவள் சொன்னாள். போனில் கேட்டே சொன்னாள்.

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து பிளக்கைத் துடைத்தான். கீழே பள்ளத்தாக்கு முழுதும் வெயிலடித்தது. நெல் வயலும் திராட்சைப் பந்தலும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அங்கே ஒரு குறையும் கிடையாது. அங்கே நின்றுகொண்டு தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. வண்டிக்கும், வண்டிக்காரனுக்கும், வீட்டில் இருக்கிறவளுக்கும் சேர்த்து.

விஜய்பாண்டி செக்போஸ்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனைக் கண்டதும் ஓடி வந்தான்.

"பாத்தீகளாண்ணே! பாத்தீகளா! நல்லவேள, நீங்களே பாத்துட்டீக. நான் ஊரு சுத்துறதுக்கு வண்டியச் சாக்குச் சொல்றேன்னு எங்க மாமாகூட வஞ்சுக்கிட்டிருந்தாரு." டீக்கடைச் சேட்டனிடம் திரும்பி, "சேட்டா, ரெண்டு சாயா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அன்னைக்கி மதினிக்கு முன்னாடி நான் அப்பிடிச் சொல்லிருக்கக்கூடாது. மொகமே செத்துப்போச்சு. எங்கக்காளையும் பி.ஏ. படிச்சதோட ஒரு வேலைக்கும் விடாம வீட்டுல உக்கார வச்சுட்டாக. நீங்கதேன் மதினிக்குத் தொழிலு சொல்லிக் குடுத்து முன்னாடி உக்கார வச்சிருக்கீக. பசங்ககிட்டக்கூட அதத்தேன் சொல்லுவேன்."

இமானுவேல் வந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"வண்டியக் கொண்டு போறேன். நாளைக்கு வந்து எடுத்துக்க" என்றான்.

இறங்கும்போது பாதி வழியில் வண்டி சரியாகிவிட்டது. கம்பத்துக்குள் நுழையும்போது ஒரு குறையும் இல்லை. அவனுக்கு அது எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனான். வாசர் டப்பாவைக் கவிழ்த்துக் காகிதப் பொட்டலத்தை எடுத்தான். முப்பத்தைந்தைப் போட்டான். ஸ்க்ரூ இரண்டு சுற்று. அவள் எழுதியது போலவே. போடும்போது கை நன்றாக வேலை செய்தது. மனதுதான் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறது என்று ஜெசி நினைத்துக்கொண்டிருக்கிறாள். விஜய்பாண்டியும் அப்படித்தான். இப்போது வண்டி சரியானால், அது இமானுவேல் மலைக்குப் போய்ப் பார்த்துச் செய்த ஏதோ ஒன்றால். யாருக்கும் தெரியப்போவதில்லை. பையன்கள் மதுரைக்குப் போக மாட்டார்கள். அவள் ஜாக்கெட் தைப்பாள். ஒச்சாண்டிக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

வியாழக்கிழமை காலை விஜய்பாண்டி வந்தான். "மேல போயிச் சேருற வரைக்கும் சும்மா சும்மா முறுக்கிப் பறக்காத. சமதளத்துல அது தாங்காது" என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

சாயங்காலம் வீட்டில் இருந்தபோது போன் அடித்தது. இமானுவேல் கை கழுவிக்கொண்டிருந்தான். பாக்கியம் எடுத்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அப்படித்தான் பேச வரும்.

"அண்ணே!" வீடு முழுதும் விஜய்பாண்டியின் குரல். பின்னால் காற்றிரைச்சல். "வண்டி பஞ்சாட்டம் போகுதுண்ணே! நடக்குற வேகத்துல ஓட்டிப் பாத்தேன், ஒரு கனைப்பு இல்ல! என்னண்ணே செஞ்சீக?"

தையல் மெஷின் நின்றது. ஜெசி திரும்பிப் பார்த்தாள்.

"ஏர் ஸ்க்ரூவக் கொஞ்சம்..." என்றான் இமானுவேல். "மேல வச்சுப் பாத்தேன்ல. ஸ்க்ரூதேன்."

"நீங்க பெரிய ஆளுண்ணே! மதுரையாவது ஒண்ணாவது!" போன் வைக்கப்பட்டது.

ஜெசி துணியை மடியில் போட்டுக்கொண்டு அவனையே பார்த்தாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "பாத்தீகளா? நான் ஜெட்டு ஜெட்டுன்னு கத்திக்கிட்டிருந்தேன். நீங்க நேர்ல போயிப் பாத்துச் சரி பண்ணிட்டீக. என்ன இருந்தாலும் பதினாலு வருசத் தொழிலுல்ல."

உண்மையான சந்தோஷத்தோடு சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"ஸ்க்ரூ இல்ல" என்றான்.

"பெறவு?"

"ஜெட்டுதேன். ஒன் ஜெட்டு. அத நான் கழட்டிட்டேன். நீ பூசைக்குப் போயிருக்கையில. பழசப் போட்டு அனுப்புனேன். நேத்துத்தேன் மறுபடி ஒன்னுத மாட்டுனேன்."

பாக்கியம் போனை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"ஏன்?" என்றாள் ஜெசி.

"கீழ ஓட்டுனா ரேஸு எறங்கல..."

"அது சரி. அத எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல. நோட்டுல எழுதிருக்கலாம்ல. ஏன்?"

அவனிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று விஜய்பாண்டி. அதைச் சொன்னால் அவள் அழுவாள், அவன் மன்னிப்புக் கேட்பான், ஏதோ ஒரு விதத்தில் முடிந்துபோகும். இன்னொன்று அதற்கும் அடியில் கிடந்தது.

"ஒனக்குத் தோணுனது எனக்குத் தோணல" என்றான். "அதுதேன்."

காற்றில் கதவு அடித்துக்கொண்டது. பாக்கியம் எழுந்து போய்க் கொண்டியை மாட்டிவிட்டு வந்தாள்.

"சனிக்கெழமையிலருந்து இன்னிக்கி வரைக்கும்" என்று ஜெசி விரலை மடக்கினாள். "ஆறு நாளு. எனக்குக் காதே இல்லன்னு நெனச்சேன். தெருவுல வண்டி போனாக்கூட மெஷின வேகமா மிதிச்சுக்கிட்டேன், காதுல விழக்கூடாதுன்னு. நீங்க பாத்துக்கிட்டுத்தேன இருந்தீக?"

"பாத்தேன்."

"சந்தோசமா இருந்துச்சா?"

பாக்கியம் "ஏ ஆத்தா, விடு" என்றாள். ஜெசி விடவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"சனிக்கெழம இருந்துச்சு" என்றான். "பெறவு இல்ல."

அவள் ஜாக்கெட்டை எடுத்து மடித்தாள். ஓரம் ஓரமாகப் பிடித்து, ஒரு சுருக்கம் விடாமல்.

"நாளைக்குக் கடைக்கு வாரேன்" என்றாள். "ஒண்ணு மட்டும். நான் கை வச்ச வண்டியில என்னையக் கேக்காம நீங்க கை வைக்காதீக. தப்பா இருந்தா என்னையக் கூப்புடுங்க. என் முன்னாடி சொல்லுங்க. நான் இல்லாதப்ப தொடாதீக."

"சரி."

"அந்தத் தம்பிக்கும் போனப் போடுங்க. ஸ்க்ரூ இல்லன்னு சொல்லுங்க."

அவன் போட்டான். ஸ்பீக்கரில்தான் பேசினான். விஜய்பாண்டி கொஞ்சம் திகைத்துப்போய், "அப்ப மதினி சொன்னதுதேனா?" என்று இரண்டு தடவை கேட்டான். "ஆமா" என்று இரண்டு தடவை சொன்னான் இமானுவேல்.

ரேஸில் விஜய்பாண்டி கடைசிச் சுற்றில் சேற்றில் புரண்டு ஆறாவதாக வந்தான். வண்டியைக் குறை சொல்லவில்லை. பையன்கள் மதுரைக்குப் போகவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மார்க்கையன்கோட்டையிலிருந்து நல்லகண்ணு என்கிற பெரியவர் தன் டூ ஸ்ட்ரோக் மொபெட்டைக் கொண்டுவந்தார். ஜெசி புது ஆக்சிலேட்டர் கேபிள் போட்டு, கார்பரேட்டரைச் சரிசெய்து, ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குச் சோறு எடுக்கப் போனாள். பெரியவர் எதிரே டீக்கடையில் இருந்தார். கடையில் இமானுவேலும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியும் மட்டும்தான்.

நின்றபடி ஓடுகிற ஐடில் சத்தம் கொஞ்சம் ஏற்றமாக நின்றது. ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவர் சீட்டின் மேலேயே கிடந்தது. இமானுவேல் அதைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான். ஒச்சாண்டி அங்கிருந்து, "என்னப்பா, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு நிப்பாட்டி வச்ச மாதிரி நிக்கிறீக?" என்று கேட்டார்.

ஜெசி தூக்குவாளியோடு திரும்பி வந்ததும், "ஐடில் ஏத்தமா இருக்கு. கேளு" என்றான்.

அவள் வாளியை வைத்துவிட்டுக் குனிந்து கேட்டாள். "ஆமா. புது கேபிளு, இறுகி நிக்கிது. இப்பக் கொறச்சா பெறவு வண்டி நின்னு நின்னு போகும். ரெண்டு நாளு ஓடட்டும், கேபிளு படிஞ்சு தானா எறங்கும். அவர நாளன்னைக்கு வரச் சொல்லிருக்கேன்."

"எறங்காது. கால் சுத்துக் கொறைக்கணும்."

"எறங்கும்."

"பாப்பம்."

"பாப்பம்" என்றாள் அவளும்.

அந்த இரண்டு நாளும் அவன் வேறு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காது ரோட்டில்தான் இருந்தது. தன் பேச்சு பலிக்கவேண்டும் என்று இருந்தது. அதை அவன் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பத்து மணிக்கு, நூறு வண்டிச் சத்தத்துக்கு நடுவில், சர்ச் வளைவுக்கு அந்தப் பக்கம் அந்த மொபெட் வேகம் குறைந்து திரும்பியது. அவன் ஸ்பேனரை நிறுத்திவிட்டுக் கேட்டான். இறங்கியிருந்தது. பூனை தூங்குவது போல, ஒரே சீராக.

ஜெசி உள்ளே கிரீஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் கேட்டிருக்காது. அவன் நெஞ்சுக்குள் அந்தப் பழைய திருகு ஒரு சுற்றுச் சுற்றியது. அது சுற்றி நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, தலையைத் திருப்பாமலே கூப்பிட்டான்.

"ஜெசி, வெளிய வா. ஒன் வண்டி வருது."